வானொலியில் ஒலித்த பெயர்கள்: எஸ். பி. மயில்வாகனமும் யட்டியாந்தோட்டைத் தோட்டத்து நேயர்களும்

எழுத்தில் நிலைபெற்றவற்றையே வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுதல் மரபாகும். கல்வெட்டும் செப்பேடும் ஏடும் அரசாங்கப் பதிவேடும் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிட்டுவன. மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்க்கத் தக்கன. ஒலியோ பிறந்த கணத்திலேயே மறைவது. ஆகவே ஒரு சமூகத்தின் செவிவழி வாழ்வு அதன் வரலாற்றில் மிகச் சிறிய இடத்தையே பெற்று வந்துள்ளது. எழுத்தறிவு பரவலாக வாய்க்கப்பெறாத மக்களைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிதாகின்றது. அம்மக்கள் எழுதியவை சில. கேட்டவையும் பாடியவையும் பல.

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவர். அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பிறர் எழுதியவை: தோட்ட நிருவாகத்தின் கணக்கேடுகள், ஆணைக்குழு அறிக்கைகள், குடியுரிமை விண்ணப்பக் கோவைகள் என்பன. அவர்கள் எதனை விரும்பினர், எக்குரலைக் கேட்டு மகிழ்ந்தனர், எவரைத் தம் வீட்டு மனிதராக எண்ணினர் என்பவற்றுக்கு இவ்வேடுகளில் விடையில்லை. அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பையும், அதன் முதல் தமிழ் அறிவிப்பாளராகிய எஸ். பி. மயில்வாகனத்தையும் கருத்திற் கொள்ளாது அப்பாற் செல்லுதல் இயலாது.

1. களனிப் பள்ளத்தாக்கின் நடுவே

கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவில், களனி கங்கையின் மேற்பகுதியை அண்டி அமைந்துள்ள சிறு நகரம் யட்டியாந்தோட்டை. தெருவின் இருமருங்கும் கடைகள், அவற்றுக்கப்பால் குன்றுகள், குன்றுகளிற் றப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. பனாவத்தை, வீ ஓயா, ஹல்கொல்ல முதலிய தோட்டங்களுக்கு இந்நகரமே கடைவீதியாகவும் தபாலகமாகவும் அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடுங்கிய பாதைப் புகையிரதம் கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே இந்நகர் வரை வந்தது. தோட்டத்து விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்கென இடப்பட்ட அப்பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. புகையிரதம் போயிற்று, றப்பர் நின்றது.

1876இல் பிரித்தானியாவின் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த றப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நாட்டப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உலகச் சந்தையில் விலை உயர்ந்தபோது களனிப் பள்ளத்தாக்கு றப்பரின் முக்கிய நிலமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் மேலும் மேலும் அழைத்து வரப்பட்டனர். நுவரெலியா, பதுளைப் பகுதிகளைப் போலத் தமிழ் மக்கள் செறிந்து, தோட்டத்தோடு தோட்டம் தொடர்ந்து வாழ்ந்த நிலை இங்கு இருந்ததில்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே தோட்டங்கள் சிதறிக் கிடந்தன. பக்கத்துத் தோட்டத்துக்குச் செல்வதற்கே கிராமங்களைக் கடக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. தமிழ்ச் செய்தித்தாள் கடைவீதி வரை வந்தது. லயம் வரை ஏறியது அரிது. சிதறி வாழும் சிறுபான்மை மக்களுக்குத் தாய்மொழி வீட்டு மொழியாகச் சுருங்கி விடுவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. இப்பின்னணியிலேயே வானொலித் தமிழின் வருகையை நோக்குதல் வேண்டும்.

றப்பர்த் தோட்டத்தின் நாளொழுங்கும் இங்குக் கருதத்தக்கது. வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும். ஆகவே விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர். பேர் போட்டபின் தத்தம் மரங்களுக்குச் செல்வர். பால் வெட்டி, சிரட்டையிற் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, நண்பகலளவில் நிறுவைக்குக் கொண்டு வருவர். கொழுந்து பறிப்போர் மாலை வரை மலையில் நிற்க, பால்வெட்டுவோர்க்குப் பிற்பகலிற் சிறிது ஓய்வு கிட்டியது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அந்நாட் கூலி இல்லை. மழை மிகுந்த இப்பள்ளத்தாக்கில் அத்தகைய நாட்கள் பல. வேலையற்ற மழைநாளில் லயத்துக்குள் முடங்கியிருக்கும் குடும்பத்துக்கு வானொலி எத்தகைய துணையாய் அமைந்திருக்கும் என்பதை உய்த்துணர்தல் அரிதன்று.

2. கொழும்பில் எழுந்த ஒலி

1920களின் தொடக்கத்தில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்புப் பரிசோதனைகளை நடத்தினார். 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். தோட்டத்தில் அது துரை பங்களாவின் பொருள். போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் இலங்கையில் அமைந்தமையால், படைவீரர்க்கென ஒலிபரப்பு நிலையம் ஒன்று கொழும்பில் நிறுவப்பட்டது. ஏக்கலையில் அமைக்கப்பட்ட வலிமை மிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயரில் ஒலிபரப்பு விரிவு பெற்றது. படையினர்க்கென எழுந்த கருவி ஆசியா முழுவதும் பாட்டுக் கேட்போரின் கருவியாக மாறியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1950இல், கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் என்பவரைப் பணிப்பாளராகக் கொண்டு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. விளம்பர வருவாயைக் கொண்டு இயங்கும் வானொலி இத்துணைக் கண்டத்துக்குப் புதியது. அடுத்த ஈராண்டிற் பிறிதொரு நிகழ்ச்சி அதற்குத் துணை செய்தது. 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையைத் தாழ்வாகக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாது செய்தார். வீட்டில் மறுக்கப்பட்ட பாட்டை மக்கள் அயல் நாட்டு அலைவரிசையில் தேடினர். இந்திய வணிக நிறுவனங்களும் நேயரைத் தொடர்ந்து கொழும்புக்கு வந்தன. இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா இதன் பெரும் பயன். 1957இல் விவித பாரதியை அகில இந்திய வானொலி தொடங்க நேர்ந்தமைக்கு இலங்கை வானொலி பெற்ற செல்வாக்கே முதன்மைக் காரணமாகும்.

இந்திக்கும் தமிழுக்கும் இடையே நிலவிய வேறுபாடு ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. அமீன் சயானியின் நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. தமிழ் அறிவிப்பாளரோ கொழும்பிலேயே வாழ்ந்து, கொழும்பிலிருந்தே பேசினர். ஆகவே தமிழ்நாட்டு நேயர்க்கு அக்குரல் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரல். யட்டியாந்தோட்டை நேயர்க்கோ அது தம் நாட்டுக் குரல். பேருந்தேறினால் அடையக்கூடிய தொலைவில் அது இருந்தது. அஞ்சலட்டை எழுதினால் விரைவிற் சென்று சேரும்.

3. மயில்வாகனமும் அவர் வகுத்த மரபும்

இலங்கையில் தமிழ் ஒலிபரப்பு வர்த்தக சேவையோடு தொடங்கியதன்று. அதற்கு முன்னரே சோ. சிவபாதசுந்தரம் போன்ற அறிஞர் அதனை ஒரு கலையாக வளர்த்தனர். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. ஒலிபரப்புக் கலை என்னும் நூலையும் அவர் எழுதினார். ‘சானா’ எனப்பட்ட எஸ். சண்முகநாதன் வானொலி நாடகத்துக்கு உயிரூட்டினார். லண்டன் கந்தையா, விதானையார் வீட்டில் ஆகியன யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை நாடறியச் செய்தன. இவையெல்லாம் தேசிய ஒலிபரப்பின் ஆக்கங்கள். சொற்பொழிவும் நாடகமும் செவ்விசையும் அங்கு முதன்மை பெற்றன. அறிவிப்பாளரின் பணி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி விலகி நிற்பது.

வர்த்தக ஒலிபரப்பில் அறிவிப்பாளரின் நிலை மாறிற்று. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குமுன் படத்தின் பெயர், பாடியோர் பெயர், விளம்பரம், நேயர் பெயர் யாவும் கூறப்படல் வேண்டும். நேரம் விலைப்பொருளான இடத்தில் ஒவ்வொரு நொடியும் எண்ணப்பட்டது. இவ்விடைவெளிகளை ஒரு தனிக் கலையாக மாற்றியவர் மயில்வாகனம். விரைவு அவர் பேச்சின் முதல் அடையாளம். விரைவிலும் சிதையாத தெளிவு அதன் இரண்டாம் அடையாளம். ல, ள, ழ வேறுபாடு பிறழாமல், மூச்சு முட்டாமல், சொற்கள் ஒன்றோடொன்று மோதாமல் அவர் பேசிய முறை ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே வியக்கப்பட்டது. தமிழகத்தில் மயில்வாகனன் என்றே அவர் பெயர் வழங்கிற்று. திரைப்பட நடிகரின் புகழுக்கு நிகரான புகழைத் திரையில் முகம் காட்டாத ஒருவர் பெற்றமை தமிழ்ச் சமூகத்தில் அதுவே முதன்முறை எனலாம். அவர் துணைவியார் செந்திமணி மயில்வாகனமும் அறிவிப்பாளராகப் பணியாற்றினார்.

மயில்வாகனத்தின் தமிழ் எவ்வூர்த் தமிழ் என்ற வினா எழுதல் இயல்பே. அவர் பேச்சில் யாழ்ப்பாணத்து வழக்கு முனைப்பாக ஒலிக்கவில்லை. சென்னை வழக்கும் ஒலிக்கவில்லை. மேடைத் தமிழின் இறுக்கமும் அதில் இல்லை. எல்லா ஊராரும் தமதெனக் கொள்ளத்தக்க ஒரு பேச்சு நடை அது. பின்னர் வந்த இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் முதலியோர் தத்தம் தனித்தன்மையோடு இந்நடையை வளர்த்தனர். இராஜேஸ்வரி சண்முகம் நாடகத்திற் பயின்ற குரலால் அறிவிப்புக்குக் குழைவும் உணர்ச்சியும் ஊட்டினார். கே. எஸ். ராஜா வேகத்தை விளையாட்டாக்கினார். அப்துல் ஹமீட் உச்சரிப்பின் ஒழுங்கைத் தம் அடையாளமாக்கினார். யாழ்ப்பாணத்தவரும் கொழும்பு முஸ்லிமும் மலையகத்தவரும் தமிழகத்தவரும் ஒரே நடைத் தமிழை ஒரே வேளையிற் கேட்ட அனுபவம் முன்னைய தலைமுறைகளுக்கு வாய்த்ததன்று. அச்சு இயந்திரம் எழுத்துத் தமிழுக்குச் செய்ததனைப் பேச்சுத் தமிழுக்கு வானொலி செய்தது.

தொடக்க வகுப்போடு கல்வி முடிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இதன் பயன் பெரிது. பாடநூல் இல்லாத இடத்தில் வானொலி பாடநூலாயிற்று. நல்ல உச்சரிப்பு இன்னதெனக் கற்பிக்கும் ஆசிரியராக அறிவிப்பாளர் அமைந்தார். திரையிசையைப் பரப்பும் வணிகக் கருவி என்று கற்றோர் பலர் வர்த்தக ஒலிபரப்பைப் புறக்கணித்தனர். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கேட்போர் எவர், அவர்க்கு வேறு என்ன கிட்டியது என்பதை ஆராயாது செய்யும் மதிப்பீடு முழுமையாகாது.

4. பேர் போடுதலும் பெயர் வாசித்தலும்

தோட்டத்து மொழியில் ‘பேர் போடுதல்’ என்ற தொடருக்குத் தனிப் பொருளுண்டு. விடியற்காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் ஒருவர் பெயரைப் பதிந்தால் அவருக்கு அன்று வேலையும் கூலியும் உண்டு. பிந்தி வந்தால், கங்காணியோடு பிணக்குற்றால், பேர் விழாது. அரைப்பேர் என்றால் அரைக்கூலி. ஆகவே தோட்டத் தொழிலாளியின் பெயர் நாள்தோறும் ஒலித்தது. ஆனால் அது உழைப்பின் அளவுகோலாகவே ஒலித்தது. அப்பெயரை உச்சரித்த குரலில் அன்பு இருப்பதற்கு இடமில்லை.

பெயருக்கு வேறொரு பதிவேடும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தம் அவர்கள் வாக்கையும் பறித்தது. 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கியவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவரும் நிதியமைச்சராக இருந்தவருமாகிய கலாநிதி என். எம். பெரேரா. அதனால் அத்தொகுதியின் பெயர் நாடறிந்த பெயராயிற்று. ஆயினும் அத்தொகுதிக்குள் வாழ்ந்து, அதன் றப்பரை வெட்டிய தமிழருட் பெரும்பாலோர் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமானபோது அவர் அதே அரசாங்கத்தின் நிதியமைச்சர். அத்தொகுதித் தோட்டத்து மக்களின் அரசியல் நிலையை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்நிலையிலேதான் வர்த்தக ஒலிபரப்பின் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் தனிச் சிறப்புப் பெறுகின்றன. இந்நிகழ்ச்சிகளின் அமைப்பு எளியது. நேயர் ஓர் அஞ்சலட்டையில் விரும்பும் பாட்டையும் தம் பெயரையும் உற்றார் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் அவற்றை வாசிப்பார். பிறந்தநாள் வாழ்த்தில் பிள்ளையின் பெயரோடு அம்மா, அப்பா, அம்மம்மா, தாத்தா, மாமா, மாமி, அண்ணன், தங்கை என உறவு முறைகள் வரிசையாக வரும். கொழும்பு முதலாளியின் மகனுக்கும் பால்வெட்டும் தொழிலாளியின் மகளுக்கும் வாசிப்பில் வேறுபாடு இல்லை. ஒரே குரல், ஒரே வேகம், ஒரே வாழ்த்து.

தோட்டத்தில் ஒருவர்க்குத் தனி முகவரி இல்லை. லயக் காம்பிராவுக்கு இலக்கமிட்ட தெரு முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே வரும்; அங்கிருந்தே பிரித்துக் கொடுக்கப்படும். தோட்டப் பெயர், பிரிவுப் பெயர், யட்டியாந்தோட்டை என்பதே எல்லார்க்கும் பொதுவான விலாசம். இப்பெயர்கள் வானொலியில் வாசிக்கப்பட்டபோது நிகழ்ந்தது யாது? ஏற்றுமதிப் பெட்டியில் பொறிக்கப்படும் வணிகக் குறியாக மட்டும் உலகறிந்த தோட்டப் பெயர், முதன்முறையாக ஒரு மனிதரின் ஊர்ப் பெயராக உலகின்முன் ஒலித்தது. தனக்கென ஒரு வீடு, உறவு, பிறந்தநாள், விருப்பம் ஆகியன உடைய ஒருவர் அங்கு வாழ்கின்றார் என்பதை நாடும் அயல்நாடும் ஒருங்கே கேட்டன. செக்ரோலில் விழுந்த பெயருக்கும் வாக்காளர் இடாப்பில் விழாத பெயருக்கும் இடையே, அலைவரிசையில் விழுந்த பெயர் மூன்றாவது ஒரு பதிவாயிற்று. அது உரிமை எதனையும் தரவில்லை. ஆனால் மதிப்பைத் தந்தது.

டிரான்சிஸ்டர் வானொலி இல்லையேல் இம்மாற்றம் தோட்டத்தை எட்டியிராது. 1947இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1950களின் நடுப்பகுதியிற் கையடக்க வானொலியாகச் சந்தைக்கு வந்தது. மின்சாரம் எட்டாத லயங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் இப்பெட்டியே வாயிலாயிற்று. ஒரு லயத்தில் ஒருவரிடம் பெட்டி இருப்பின் பல காம்பிராக்களுக்கு அது பொதுவாகும். ஒலியைச் சுவர் தடுப்பதில்லை. கடைவீதித் தேநீர்க் கடையிலும் சவரக் கடையிலும் அதுவே பொது அரங்கமாயிற்று. காமன்கூத்தையும் அருச்சுனன் தபசையும் ஊர் கூடிக் கேட்டுப் பழகிய மக்கள், வானொலியையும் ஊர் கூடியே கேட்டனர். புதிய கருவி பழைய கேட்டல் மரபினுள் வந்தமர்ந்தது.

5. கேட்டலின் எல்லைகள்

இவ்வுறவைப் போற்றும் ஆய்வு அதன் எல்லைகளையும் சுட்டுதல் கடன். முதலாவது, இது பெரும்பாலும் ஒருவழி உறவு. தோட்டத்தார் பெயர் ஒலித்தது. தோட்டத்தார் குரல் ஒலித்தது மிகக் குறைவு. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு வானொலி நாடகத்தில் இடம்பெற்ற அளவுக்கு மலையகப் பேச்சுவழக்கு நெடுங்காலம் இடம்பெறவில்லை. தொழிற்களத்திலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அம்மக்கள் பாடிய பாடல்களைத் தொகுத்தவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரது மலைநாட்டு மக்கள் பாடல்கள் நூலுருப் பெற்றது 1983இலேயே. சென்னைத் திரைப்படக்கூடத்தில் இயற்றப்பட்ட பாட்டு யட்டியாந்தோட்டையை எட்டியது; யட்டியாந்தோட்டைப் பாட்டு தன் குன்றைத் தாண்டவில்லை.

இரண்டாவது, வானொலி அரசாங்கத்தின் நிறுவனம். நேயர் பெயரை அன்போடு வாசித்த அதே அலைவரிசையே, அந்நேயரை எந்நாட்டுக்கு அனுப்புவது என்று இரு அரசாங்கங்களும் முடிவு செய்த செய்தியையும் வாசித்தது. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான ஒப்பந்தப்படி, நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். அறிவிப்பாளரின் வாழ்த்தில் மனிதராக இருந்தோர் செய்தியறிக்கையில் எண்ணிக்கையாயினர்.

மூன்றாவது, அறிவிப்பாளர் விற்பனைக்கும் குரல் கொடுத்தவர். சவர்க்காரத்தையும் பற்பசையையும் பற்றிய விளம்பரங்களே பாட்டுக்குப் பணம் தந்தன. குறைந்த கூலி பெறும் குடும்பத்துக்கு எட்டாத பொருள்கள் நாள்தோறும் செவிக்கு எட்டின. எனினும் நேயர் பொருளை மறந்து குரலை நினைவிற் கொண்டனர் என்பதைக் காலம் காட்டியுள்ளது.

6. கடல் கடந்த நேயர்

ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்லக் கடவுச்சீட்டுப் பெற்றோர் தலைமன்னார் சென்று, இராமானுஜம் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பெயர்ந்தன. 1970களின் உணவுப் பஞ்சமும், தோட்டங்கள் அரசுடைமையான காலத்து நிலைகுலைவும், 1977ஆம் ஆண்டின் வன்செயல்களும், 1983 யூலை வன்செயல்களும் அப்பெயர்ச்சியை விரைவுபடுத்தின. சிதறிய தோட்டங்களில், பெரும்பான்மைக் கிராமங்களுக்கிடையே வாழ்ந்தோர்க்கு இவ்வன்செயல்களின் அச்சம் மிகுதி.

இந்தியாவிற் தாயகம் திரும்பியோர்க்குப் பல இடங்களிற் தொழில் வழங்கப்பட்டது. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவற்றுள் முதன்மையானவை. றப்பர் வேலை அறிந்தோர் கேரளத்தின் புனலூருக்கும் கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு றப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். அவர்கள் ‘தாயகம்’ எனச் சொல்லப்பட்ட நிலத்திற் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இங்கு இந்தியராகவும் அங்கு இலங்கையராகவும் எண்ணப்பட்ட இரட்டை அந்நியம் அவர்களது.

ஆனால் சிற்றலைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. தென்னிந்தியா எங்கும் இலங்கை வானொலி கேட்டது. பெயர்ந்து சென்றோர்க்கு இங்குக் கேட்ட அறிவிப்பாளர் குரலை அங்கும் கேட்க முடிந்தது. மலையாளமும் கன்னடமும் சூழ்ந்த றப்பர்க் காட்டில், விட்டு வந்த நாட்டின் நேரத்தையும் ஊர்ப் பெயர்களையும் தமிழில் தாங்கி வந்த குரல் அது ஒன்றே. தமிழக நேயர்க்குப் பாட்டு முதன்மை, ஊர்ப் பெயர் வெறும் இடைச்சொல். பெயர்ந்தோர்க்கோ ஊர்ப் பெயரே முதன்மை. யட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, அவிசாவளை, இரத்தினபுரி என்று அறிவிப்பாளர் சொல்லிச் செல்லும் பெயர்களில் பிரிந்த உறவினரின் ஊர் ஒன்று இருக்கக் கூடும். ஒரே நாட்டை ஒப்பந்தம் இரண்டாகப் பிரித்தபோது, பிரிந்த இரு பகுதியினரும் ஒரே வேளையில் ஒன்றைக் கேட்கும் வாய்ப்பை வானொலி காத்துத் தந்தது.

7. மாற்றமும் மறதியும்

1967 சனவரி 5ஆம் நாள் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயர் பெற்றது. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் ஒலிநாடாப் பெட்டியைக் கடைவீதிக்குக் கொண்டு வந்தது. விரும்பிய பாட்டைக் கேட்க அஞ்சலட்டை எழுதிக் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. 1979இலும் 1982இலும் தொலைக்காட்சி நிலையங்கள் தோன்றின. 1983க்குப் பின் நாட்டைச் சூழ்ந்த போர் ஒலிபரப்பாளர் பலரையும் சிதறச் செய்தது. கே. எஸ். ராஜா 1994இற் கொழும்பிற் கொல்லப்பட்டார். 1998இற் சூரியன், சக்தி முதலிய தனியார் பண்பலை வானொலிகள் எழுந்தன. அவை பேச்சுவழக்கையும் தொலைபேசி உரையாடலையும் முன்னிறுத்தின. பழைய வர்த்தக சேவை ‘தென்றல்’ என்னும் பெயரைப் பெற்றது. இராஜேஸ்வரி சண்முகம் 2012இற் காலமானார்.

அரசியல் நிலையும் மாறிற்று. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் நிலையை முடிவுக்குக் கொண்டு வந்தன. யட்டியாந்தோட்டைத் தோட்டத்தாரின் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறிற்று. பெயருக்காக வானொலியைக் காத்திருந்த காலம் முடிந்தது. அது நன்றே. எனினும் தமிழ் பயிலும் வாய்ப்புக் குறைந்த சப்பிரகமுவத் தோட்டங்களில், நல்ல தமிழைச் செவிக்குக் கொண்டு வரும் வாயில் எது என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

மயில்வாகனம் போன்றோரின் பணி இன்று நினைவிலேயே வாழ்கின்றது. இலங்கை வானொலியின் இசைத்தட்டுத் தொகுதி ஆசியாவின் அரிய தொகுதிகளுள் ஒன்றெனப் போற்றப்படுகின்றது. இசைத்தட்டு எஞ்சியது, இரு தட்டுகளுக்கு இடையே நேரடியாகப் பேசப்பட்ட சொற்களுட் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. நேயர் எழுதிய அஞ்சலட்டைகளோ வாசித்தவுடன் பயன் முடிந்தவையாகக் கருதப்பட்டவை. தோட்டத்துத் தமிழ் மக்கள் தம் கையால் எழுதி, தம் பெயரையும் உறவையும் விருப்பத்தையும் தாமே பதிந்த ஆவணம் அவ்வட்டைகளே. அவற்றின் இழப்பு வரலாற்றின் இழப்பு.

அவ்விழப்பை ஓரளவேனும் ஈடு செய்யும் வழி உண்டு. அக்குரலைக் கேட்ட தலைமுறையினர் இன்னும் யட்டியாந்தோட்டைக் குன்றுகளிலும் நீலகிரியிலும் சுள்ளியாவிலும் வாழ்கின்றனர். எப்பாட்டைக் கேட்டனர், எவருடைய பெட்டியிற் கேட்டனர், தம் பெயர் ஒலித்த நாளில் லயத்தில் யாது நிகழ்ந்தது என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகப் பதிந்து வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் மேற்கொள்ளத்தக்க பணி. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமை ஒன்றே வேண்டும்.

ஓர் அறிவிப்பாளரின் பெருமையை அவர் பேசிய வேகத்தாலும் பெற்ற புகழாலும் அளப்பது வழக்கம். எவருடைய பெயரை எவரும் மதித்துச் சொல்லாத காலத்தில், அவர் மதித்துச் சொன்னார் என்பதாலும் அதனை அளக்கலாம். அவ்வளவுகோலால் நோக்கின், மயில்வாகனமும் அவர் வழி வந்தோரும் பொழுதுபோக்கின் வரலாற்றுக்கு மட்டும் உரியவர் அல்லர். மலையக மக்களின் சமூக வரலாற்றுக்கும் உரியவராவர்.